'உன் பொட்டி பொய் சொல்லுது கண்ணு!' - ஓர் அடைப்புக்குறியின் கதை

ராத்திரி பதினொன்றரை மணி. உடுமலைப்பேட்டை பக்கம் ஒரு தென்னந்தோப்பு வீடு. கட்டிலுக்கு அருகில் இருந்த அப்பாவின் செல்போனில் ஒரு எஸ்.எம்.எஸ் வந்து விழுந்தது. கிணற்று மோட்டாரில் மாட்டியிருக்கும் மொபைல் ஸ்டார்ட்டர் பெட்டி அனுப்பிய மெசேஜ். ஓடிய மணி நேரம் என்ற இடத்தில் ஏதோ ஒன்பது இலக்க எண் இருந்தது. அதை அவர் கண்டுகொள்ளவில்லை. அடுத்த இரண்டைத்தான் பார்த்தார். வோல்ட் 412. ஆம்ப் 0.

எழுபதை நெருங்கும் விவசாயிக்கு அந்த இரண்டு எண்கள் போதும். த்ரீ ஃபேஸ் கரண்ட் நன்றாக வருகிறது. ஆனால், மோட்டார் துளி கரண்ட்கூட இழுக்கவில்லை. அதாவது, ஓடவில்லை. டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு தோப்புக்குள் நடந்தார்.

கிணற்றடிக்குப் போய்ப் பார்த்தால், மோட்டார் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வாய்க்காலில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. திரும்பி வரும்போது ஈர வரப்பில் கால் பிசகியது.

மறுநாள் காலையில் கோவையில் இருக்கும் மகளுக்கு போன் செய்தார். கால் பிசகியதைச் சொல்லவில்லை. "உன் பொட்டி பொய் சொல்லுது கண்ணு" என்று மட்டும் சொன்னார். போனை வாங்கிய அம்மாதான் மீதியைச் சொன்னார். "உங்கப்பாவுக்கு கணுக்கால் வீங்கிக் கெடக்குது அம்மிணி. அவரு சொல்ல மாட்டாரு."

அவளுக்குப் பேச்சு வரவில்லை. ஏனென்றால், அந்தப் பெட்டிக்குள் இருக்கும் புரோகிராமை எழுதுவது அவள்தான்.

ஒரு மெசேஜ், மூன்று கோடிட்ட இடங்கள்

அவளுக்கு வயது 36. பம்ப்செட் கட்டுப்படுத்தும் பெட்டிகள் செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை. பாம்புக்கும் பன்றிக்கும் பயந்துகொண்டு விவசாயிகள் ராத்திரியில் தோட்டத்துக்கு நடக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இந்தப் பெட்டியே. புதிய புரோகிராம் தயாரானால், முதலில் தெரிந்தவர்கள் வீட்டுப் பெட்டிகள் பத்தில் மட்டும் ஏற்றி சோதித்துப் பார்ப்பார்கள். அந்தப் பத்தில் ஒன்று அப்பாவுடையது.

பெட்டிக்குள் இருக்கும் சின்னஞ்சிறு சிப்பில் ஓடுவது சி மொழியில் எழுதிய புரோகிராம். 1972 வாக்கில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய மொழி. ஐம்பது வருடங்கள் தாண்டியும் இது போன்ற சிப்களில் பெரும்பாலும் அதுதான் ஓடுகிறது.

சி மொழியில் ஒரு மெசேஜை உருவாக்குவது, வங்கியில் சலான் நிரப்புவது மாதிரி. 'மணி ___, வோல்ட் ___, ஆம்ப் ___' என்று முதலில் ஒரு வாசகம். கோடிட்ட ஒவ்வோர் இடத்திலும் ஒரு சதவீதக் குறி, பக்கத்தில் ஓர் எழுத்து. %டி என்றால் 'இங்கே ஒரு சாதாரண முழு எண் வரும்' என்று பொருள். %எஸ் என்றால் 'இங்கே எழுத்துகள் வரும்'. வாசகத்துக்குப் பின்னால், நிரப்ப வேண்டிய மதிப்புகளை வரிசையாகக் கொடுக்க வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நிரப்பும் நேரத்தில், கொடுத்த மதிப்பு என்ன வகை என்று யாரும் சரிபார்ப்பதில்லை. %டி என்று எழுதியிருந்தால், அங்கே இருப்பது முழு எண் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பி எடுத்துப் போட்டுவிடும்.

அவளுடைய வரியில் நடந்தது இதுதான். மோட்டார் எவ்வளவு நேரம் ஓடியது என்பதைப் பெட்டி மில்லி விநாடியில் எண்ணி வைக்கிறது. முதலில் அதற்கு 32 பிட் எண்ணை வைத்திருந்தார்கள். அதில் அதிகபட்சம் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647 வரைதான் போகும். மில்லி விநாடியில் அது 596 மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். தினமும் 6 மணி நேரம் ஓடும் மோட்டார் என்றால், நூறாவது நாள் வாக்கில் கணக்கு தலைகீழாகி, 'ஓடிய நேரம் மைனஸ் 596 மணி' என்று மெசேஜ் வரும். சில வாடிக்கையாளர்களுக்கு வந்தும் விட்டது.

அதைச் சரிசெய்ய, அவள் அந்த எண்ணை 64 பிட்டாகப் பெரிதாக்கினாள். சரியான முடிவுதான். ஆனால், மெசேஜ் வாசகத்தில் %டி அப்படியே இருந்துவிட்டது.

பந்தியில் இரண்டு இலை

லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்தாள். மூன்று எண்களும் சரியாக வந்தன. அவசரத்தில், பெட்டியில் ஏற்றிய பிறகு அந்த ஒரு மெசேஜை மட்டும் மறுபடி பார்க்கவில்லை.

லேப்டாப்பின் புராசஸர் 64 பிட். அங்கே பெரிய எண்ணும் ஓர் இடத்தில் உட்காரும், சின்ன எண்ணும் ஓர் இடத்தில் உட்காரும். பெட்டியில் இருப்பதோ 32 பிட் சிப். அங்கே 64 பிட் எண்ணுக்கு இரண்டு இடம் வேண்டும். அதுவும் ஜோடியாக உட்கார வசதியான இடம் பார்த்து, சில நேரம் முன்னால் ஓர் இடத்தைக் காலியாக விட்டுவிட்டு உட்காரும்.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஓர் இலை என்று எண்ணிப் பரிமாறிக்கொண்டு வருகிறார் ஒருவர். ஒருத்தர் ஓர் இலையைக் காலியாக விட்டு, அடுத்த இரண்டு இலைகளை மறித்து உட்கார்ந்திருக்கிறார். பரிமாறுபவருக்கு அது தெரியாது. அவர் கணக்கு அங்கிருந்து எல்லாமே தப்பாகப் போகும்.

அப்பாவுக்கு வந்த மெசேஜில் அப்படித்தான் ஆனது. மணி என்ற இடத்தில், காலி இடத்தில் ஏற்கெனவே கிடந்த குப்பை எண். வோல்ட் என்ற இடத்தில், ஓடிய மணி நேரத்தின் முதல் பாதி. அது அன்றைக்கு 412. ஆம்ப் என்ற இடத்தில், அதே எண்ணின் வெறுமையான மறுபாதி, 0.

412 மணி நேரம், 412 வோல்ட்டாக வேஷம் போட்டுவிட்டது. கிராமத்தில் த்ரீ ஃபேஸ் வோல்ட்டேஜ் நல்லபடியாக வந்தால் அந்த அளவில்தான் இருக்கும். அசட்டுத்தனமான ஓர் எண் வந்திருந்தால் அப்பா சந்தேகப்பட்டிருப்பார். நம்பும்படியான எண் வந்ததால்தான் நடந்தார்.

63 எச்சரிக்கைகள்

சி மொழியில் எழுதியதை சிப்புக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர், இது போன்ற பொருத்தக் கேட்டை முன்கூட்டியே கண்டுபிடித்து எச்சரிக்கும். பல வருடங்களாக இருக்கும் வசதி. ஆனால், மொழியோடு வரும் பிரிண்ட்எஃப் போன்ற கட்டளைகளைத்தான் அது தானாகப் பார்க்கும். எஸ்.எம்.எஸ் அனுப்ப இவர்களே சொந்தமாக எழுதிய கட்டளையை, 'இதுவும் அதே மாதிரிதான், இதையும் பார்' என்று ஒரு வரி எழுதிச் சொன்னால்தான் பார்க்கும். அந்த ஒரு வரியை யாரும் எழுதியிருக்கவில்லை.

அப்பா போன் செய்த அன்றே அந்த வரியை எழுதினாள். கம்பைலரை ஓட்டினாள். 63 எச்சரிக்கைகள் வந்து கொட்டின.

அவள் டீமில் போன வருடம் சேர்ந்த ஒரு பையன். முதல் வேலை. துறுதுறுவென்று இருப்பான். 63-ஐயும் அவனிடம் கொடுத்தாள். மறுநாள் மாலையே வந்து நின்றான்.

"அக்கா, எல்லாம் முடிச்சாச்சுங்க. ஒரு வார்னிங்கூட இல்ல."

அவன் திருத்தியதை ஒவ்வொரு வரியாகப் படித்து, சரி என்று சொல்வது அவள் வேலை. ரிவ்யூ என்பார்கள். வாத்தியார் விடைத்தாள் திருத்துவது போல என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கலாம். ஆனால், வாத்தியார் கையில் சரியான விடை இருக்கும். இங்கே அது கிடையாது. ஒவ்வொரு வரியிலும், 'இந்த எண் உண்மையில் எவ்வளவு பெரிதாகும், எந்தச் சிப்பில் ஓடும், கடைசியில் இதை யார் படிப்பார்கள்' என்று முதலில் இருந்து யோசிக்க வேண்டும்.

பாதிக்கு மேல் ஆபத்தில்லாதவை. நீளத்தைக் குறிக்கும் எண்ணுக்குத் தப்பான எழுத்து, மைனஸே ஆகாத எண்ணுக்கு மைனஸ் ஆகும் வகை என்று சில்லறைத் தவறுகள். சரியாகவே மாற்றியிருந்தான்.

ஓர் இடத்தில் அவளே அசந்துபோனாள். விவசாயி தன் மோட்டாருக்கு 'கிணத்து மோட்டார்', 'மேக்காட்டு போர்' என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். அந்தப் பெயரை, எஸ்.எம்.எஸ் கட்டளைக்கு நேரடியாக வாசகமாகவே கொடுத்திருந்தார்கள். பையன் அதை மாற்றி, வாசகத்தில் %எஸ் வைத்து, பெயரை அதற்குள் நிரப்பியிருந்தான். பார்க்கச் சின்ன மாற்றம்தான். ஆனால், பெயரில் யாராவது சதவீதக் குறியைப் போட்டால், புரோகிராம் அதையும் கட்டளையாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து அதோடு போனது.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு 2021 ஜூனில் வந்த செய்தி நினைவிருக்கலாம். %பி%எஸ்%எஸ்%எஸ்%எஸ்%என் என்று ஆங்கில எழுத்துகளில் பெயர் வைத்த ஒரு வைஃபையோடு இணைந்தால், ஐபோனில் வைஃபையே வேலை செய்யாமல் போனது. போனை அணைத்துப் போட்டாலும் சரியாகவில்லை. நெட்வொர்க் செட்டிங்ஸை ரீசெட் செய்ய வேண்டியிருந்தது. வெறும் பெயராக எடுத்துக்கொள்ள வேண்டியதை, நிரப்ப வேண்டிய வாசகமாக எடுத்துக்கொண்டதுதான் காரணம். அடுத்த மாதம் வந்த ஐஓஎஸ் 14.7-ல் ஆப்பிள் அதைச் சரிசெய்தது.

அதற்கும் முன்னால், 2000-ம் ஆண்டில், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவான கோப்புப் பரிமாற்ற மென்பொருள் ஒன்றில் இதே வகைத் தவறு கண்டுபிடிக்கப்பட்டது. உலகம் முழுக்கப் பல சர்வர்களில் இருந்த மென்பொருள் அது. வெளியில் இருக்கும் ஒருவர் சரியான குறிகளை அனுப்பினால், அந்த சர்வரையே கைப்பற்றிவிட முடிந்தது. %என் என்ற குறி, மெமரிக்குள் எழுதவே செய்யும் என்பதால் வந்த வினை. அதுவரை 'அச்சில் வரும் சின்னப் பிழை' என்று நினைத்திருந்ததை, பாதுகாப்பு ஓட்டை என்று எல்லோரும் பார்க்கத் தொடங்கியது அந்தச் சமயத்தில்தான்.

"இதை யாரும் சொல்லாமலே சரியா பண்ணியிருக்கீங்க தம்பி" என்றாள். பையனுக்கு முகம் மலர்ந்தது.

47-வது வரி

பிறகுதான் அந்த வரி வந்தது. அப்பாவை நடக்க வைத்த வரி. பட்டியலில் 47-வது.

பையன் அதில் செய்திருந்தது இது. மில்லி விநாடிக் கணக்கின் முன்னால், 'இதைச் சாதாரண 32 பிட் எண்ணாக மாற்று' என்று ஒரு குறிப்பு. பின்னால் பழையபடி, மணியாக மாற்றும் வகுத்தல். கம்பைலர் வாயை மூடிக்கொண்டது. பெட்டியில் ஏற்றினாலும் மணி, வோல்ட், ஆம்ப் மூன்றும் சரியாகவே வரும்.

ஆனால், சி மொழியில் வகுத்தலுக்கு முன்பே அந்த மாற்றம் நடந்துவிடும். முதலில் மாபெரும் மில்லி விநாடி எண் 32 பிட்டுக்குள் திணிக்கப்படும். அப்புறம்தான் வகுக்கப்படும். 596 மணி நேரம் தாண்டியதும் மறுபடி மைனஸ் 596. எந்தத் தவறைத் திருத்த அவள் எண்ணைப் பெரிதாக்கினாளோ, அதே பழைய தவறு சத்தம் இல்லாமல் வீட்டுக்குள் திரும்பி வந்திருந்தது. இந்த முறை எச்சரிக்கை சொல்லக்கூட ஆள் இல்லை.

வேண்டியதெல்லாம் ஒரு ஜோடி அடைப்புக்குறி. முதலில் வகுத்துவிட்டு, வந்த விடையை மாற்று என்று சொல்லும் அடைப்புக்குறி.

பையனை அழைத்தாள். "தம்பி, வார்னிங் போயிருச்சு. தப்பு போச்சுங்களா?"

அவன் அந்த வரியையே பார்த்தான். கொஞ்ச நேரம் கழித்து, "ஐயோ... மூணு மாசம் கழிச்சு திரும்பி வரும்ங்களாக்கா?" என்றான்.

"வரும். நாம ரெண்டு நாள் ஓட்டிப் பார்த்துட்டு நல்லா இருக்குன்னு அனுப்பியிருப்போம்."

அவளுக்கு அடைப்புக்குறி போடுவதைவிடச் சுத்தமான வழி ஒன்று தோன்றியது. எண்ணைச் சுருக்குவானேன்? 64 பிட் எண்ணுக்கென்றே %எல்எல்யு என்ற குறி இருக்கிறது. அதை எழுதச் சொன்னாள். கம்பைலரும் ஒப்புக்கொண்டது. "இதுதான் சரி. நாளைக்கு அனுப்பிடலாம்" என்று ரிவ்யூவை முடித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கும்போது போன் வந்தது.

"அக்கா, பெட்டியில ஏத்திப் பார்த்தேன்ங்க. மணி வர வேண்டிய இடத்துல எண்ணே வரல. எல், யு-ன்னு ரெண்டு எழுத்து வருது. பின்னால இருக்கிறதும் கலைஞ்சிருக்கு."

அவளுக்குச் சட்டென்று உறைத்தது. சின்ன சிப்பில் இடம் குறைவு. அதற்காக நியூலிப் நானோ என்ற சுருக்கப்பட்ட நூலகத்தைப் பயன்படுத்துகிறார்கள். இடத்தை மிச்சம் பிடிக்க, அதில் சில வசதிகளை வெட்டியிருப்பார்கள். இரட்டை எல் அதற்குப் படிக்கவே தெரியாது. முழு நூலகத்தை மனதில் வைத்துச் சரிபார்க்கும் கம்பைலருக்கு அந்த விஷயம் தெரியாது. பல வருட அனுபவம் இருக்கும் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் மறந்துவிட்டாள்.

"நீங்க ஏத்திப் பார்க்கலைன்னா, நாளைக்கு என் தப்பு ஊருக்குப் போயிருக்கும் தம்பி" என்றாள்.

போனில் கொஞ்ச நேரம் மௌனம். அவளே தொடர்ந்தாள். "இன்னொண்ணும் சொல்லிடறேன். அந்த வரியில எண்ணைப் பெருசாக்கிட்டு, %டி-யை மாத்தாம விட்டதும் நான்தான்."

"தெரியும்ங்கக்கா. அந்த வரிக்கு நேரா உங்க பேரு இருந்துச்சு. பார்த்தேன். சொல்ல ஒரு மாதிரியா இருந்துச்சு."

"சொல்லியிருக்கணும் தம்பி. யார் பேரு இருந்தாலும் சொல்லணும். அதுக்குத்தான் ரெண்டு பேரு பார்க்கறது."

அப்பாவுக்கு எதற்கு மில்லி விநாடி?

மறுநாள் இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து அந்த வரியை மூன்றாவது முறையாக எழுதினார்கள். இந்த முறை, எந்தக் குறி என்ற கேள்வியில் இருந்து தொடங்கவில்லை. மெசேஜைப் படிப்பவருக்கு என்ன வேண்டும் என்ற கேள்வியில் இருந்து தொடங்கினார்கள். அவருக்கு வேண்டியது மணிக்கணக்கு. அது ஒருபோதும் பெரிய எண் ஆகாது. மில்லி விநாடிகளை 64 பிட்டிலேயே வகுத்து, கிடைத்த மணியை மட்டும் மைனஸ் இல்லாத 32 பிட் எண்ணாக மாற்றினார்கள். அந்தச் சின்ன நூலகத்துக்குப் படிக்கத் தெரிந்த குறியையே போட்டார்கள். அந்த எண் நிரம்பி வழிய வேண்டுமென்றால், மோட்டார் சுமார் 4.9 லட்சம் வருடங்கள் நிற்காமல் ஓட வேண்டும். அதற்குள் கிணறு வற்றிவிடும் என்று பையன் சிரித்தான்.

பிறகு, 596 மணி நேரத்தைத் தாண்டிய ஓர் எண்ணைப் பெட்டிக்குள் வேண்டுமென்றே ஏற்றி, மெசேஜ் வரவைத்துப் பார்த்தார்கள். சரியாக வந்தது. மற்ற 62 இடங்களையும் அதேபோல் பெட்டியிலேயே ஓட்டிப் பார்க்க இன்னும் மூன்று நாள் ஆனது. ஒரே நாளில் முடித்த வேலைக்கு மூன்று நாள் ரிவ்யூவா என்று கேட்டவர்கள் உண்டு. அவள் பதில் சொல்லவில்லை.

பத்துப் பெட்டிகளிலும் புதிய புரோகிராம் ஏறியது. ஞாயிற்றுக்கிழமை அவளே ஊருக்குப் போய் அப்பாவின் பெட்டியில் ஏற்றினாள். வீக்கம் வடிந்திருந்தது. திண்ணையில் உட்கார்ந்து மெசேஜை வரவைத்துக் காட்டினாள். வோல்ட் 408. ஆம்ப் 11.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பிறகு எழுந்து, மெதுவாகக் கிணற்றடி வரை நடந்துபோய் மோட்டாரைப் பார்த்துவிட்டு வந்தார். "இன்னைக்கு நெசம்தான் சொல்லுது" என்றார்.

அடுத்த இரண்டு வாரமும் அப்படித்தான். மெசேஜ் வரும். அப்பா டார்ச்சோடு போய்ப் பார்த்துவிட்டு வருவார். அம்மா போனில் சொல்லிச் சலித்துக்கொள்வார். அவளால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. வரியை மூன்றாவது முறையில் சரிசெய்துவிட்டாள். அப்பாவின் நம்பிக்கைக்கு அப்படி ஒரு திருத்தம் எழுத முடியாது. பெட்டிதான் தினம் தினம் உண்மையைச் சொல்லிச் சொல்லி அதைத் திரும்ப வாங்க வேண்டும்.

மூன்றாவது வாரம் ஒரு காலையில் அம்மா போன் செய்தார். பேச்சுவாக்கில் சொன்னார்.

"நேத்து ராத்திரி அந்த மெசேஜு வந்துச்சு அம்மிணி. உங்கப்பா எந்திரிச்சு உக்காந்து படிச்சாரு. அப்புறம் போனை வெச்சுட்டு, திரும்பிப் படுத்துட்டாரு."